28 வருட ஹார்ட்வேர் அனுபவம்

சென்னை மண்ணடியில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். கீல், தாழ்ப்பாள், ஆணி, போல்ட்டு, நட்டு, வாஷர் இவற்றுக்கு பில் போடுவதும், வரி கட்டுவதும், வராத பாக்கிக்கு நடையாய் நடப்பதும் என் தொழில். 28 வருடமாகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வம்பு இங்கேதான் ஆரம்பித்தது.

மகள் பி.காம். சேர்ந்தாள். முதல் செமஸ்டரிலேயே கம்ப்யூட்டர் பற்றி ஒரு பேப்பர். ஒருநாள் ராத்திரி சோற்றைப் பிசைந்தபடி, "பி.காம். படிக்க வந்தவளுக்கு எதுக்கும்மா ஹார்ட்வேர்? ஒண்ணும் புரியல" என்றாள். மனைவி ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தாமலே, "அப்பாவைக் கேளேன். 28 வருஷமா ஹார்ட்வேர்லதானே இருக்கார்" என்றாள்.

அந்த இடத்தில் நான் சிரித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. மாறாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். மகளின் முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. அதைக் கடைசியாக நான் பார்த்தது அவள் யு.கே.ஜி. படித்தபோது, பூட்டிக்கொண்ட குளியலறைக் கதவை வெளியிலிருந்து திறந்துவிட்ட அன்று. "நாளைலேர்ந்து உக்காரலாம்" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தச் சொல்லுக்கு முதல் பாத்தியதை எங்களுடையது. கம்ப்யூட்டர் என்ற ஒன்று கனவில்கூட இல்லாத காலத்திலேயே ஆங்கிலத்தில் ஹார்ட்வேர் என்றால் இரும்புச் சாமான். பின்னால் வந்தவர்கள் பெயரை எடுத்துக்கொண்டு, அதற்கு ஜோடியாக சாஃப்ட்வேர் என்று ஒன்றையும் கட்டிவைத்தார்கள். எங்கள் கடையில் சாஃப்ட்வேர் என்று சொல்லத்தக்கது சாக்கும் பஞ்சு வேஸ்ட்டும்தான்.

மறுநாள் பாடம் தொடங்கியது. ஹாலின் மூலையில், 2011இல் வாங்கிய கம்ப்யூட்டர் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். துண்டை விலக்கி, பெட்டியின் தலையில் உரிமையோடு தட்டி, "இதுதான் சி.பி.யூ." என்றேன்.

"அப்பா, அது கேபினெட்."

புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. நிஜமான சி.பி.யூ. அந்தப் பெட்டிக்குள்ளே, ஒரு பலகைமேல், விசிறிக்கு அடியில், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒளிந்திருக்கிறதாம். பெட்டியையே சி.பி.யூ. என்று அழைப்பது நம்மூரில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பூசணிக்காயைக் காட்டி இதுதான் விதை என்பது மாதிரி. நானும் அதை வாங்கிய நாளிலிருந்து அப்படியே சொல்லி வந்திருக்கிறேன். அதற்கு எல்.ஐ.சி. பாலிசி மாதிரி ஒரு கோப்பு போட்டு, மேலே 'சி.பி.யூ.' என்று எழுதியும் வைத்திருக்கிறேன்.

சறுக்கிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தால் அப்பா ஸ்தானம் என்னாவது? புத்தகத்தை மூடச் சொன்னேன். எங்கள் கடையை வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். வாடிக்கையாளர் சீட்டை நீட்டுகிறார், அது இன்புட். கவுண்டர் பையன் சாமானை எடுத்துவந்து கவுண்டர்மேல் வைத்து, எண்ணி, கணக்குப் பார்த்து, கட்டித் தருகிறான், கட்டு அவுட்புட். பையன்தான் சி.பி.யூ. பின்கட்டில் இருக்கும் கொடவுன் ஹார்ட் டிஸ்க். கவுண்டர்தான் ராம். கொடவுனில் ஆயிரம் மூட்டை இருக்கலாம். எண்ணுவதும் பிரிப்பதும் கவுண்டருக்கு வந்தால்தான் நடக்கும். கவுண்டர் சின்னதாக இருந்தால் பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் பிரயோஜனமில்லை.

"பையன் அவ்ளோ கெட்டிக்காரனாப்பா?"

"கெட்டிக்காரன்லாம் இல்ல. கூட்டுவான், ரெண்டை ஒப்பிடுவான், எடுப்பான், வைப்பான். அவ்ளோதான் தெரியும். ஆனா வேகம்." எங்கள் வீட்டு மிஷின் 3 கிகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 300 கோடி துடிப்பு. நான் வருட முடிவில் ஐந்தொகை எடுக்க மூன்று ராத்திரி விழித்திருப்பவன். 300 கோடி என்று சொல்லும்போதே எனக்கு நெஞ்சு படபடத்தது.

"கரன்ட் போனா ராம்ல இருக்கிறதெல்லாம் ஏன்பா போயிடுது? கவுண்டர்ல வச்ச சாமான் அப்படியேதானே இருக்கும்?"

நல்ல கேள்வி. எனக்குப் பிடிக்காத கேள்வி. ராத்திரி பையன் கவுண்டரைத் துடைத்துவிடுவான் என்று சமாளித்தேன். அவள் புத்தகத்தைத் திறந்தாள். அதில் இருந்தது இன்னும் வேடிக்கை. ராம் சிப்புக்குள் கோடிக்கணக்கில் குட்டிக் குட்டி மின் குடங்கள். குடத்தில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் அத்தனையும் ஓட்டைக் குடம்! ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி செகண்டுக்கு ஒரு சுற்று எல்லாக் குடத்தையும் பார்த்து மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்கிறது மிஷின். நொடிக்கு 15 தடவைக்கு மேல். கரன்ட் நின்றால் நிரப்ப ஆளில்லை, அவ்வளவுதான். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற சென்னைக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது. என்னைவிட என் மகளின் புத்தகம் நன்றாகச் சொல்லியிருந்ததுதான் வருத்தம்.

இந்த இடத்தில்தான், என் கைக்கு வராத தொழிலிலிருந்து கைவந்த தொழிலுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். "பேசினது போதும், பெட்டியைப் பிரிச்சே காட்டறேன்" என்று கடையிலிருந்து கொண்டுவந்திருந்த ஸ்டார் முனை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

உள்ளே ஒரு தலையணை தைக்கும் அளவுக்குத் தூசி, இரண்டு பல்லி முட்டை, சமாதியாகிவிட்ட ஒரு கரப்பான். மனைவி முறத்தை எடுத்துவந்து ஒரு தள்ளு தள்ளி உட்கார்ந்தாள். நான் ஒவ்வொன்றாகக் கழற்றி, பெயர் சொல்லி, தினத்தந்தியை விரித்து அதன்மேல் வைத்தேன். இது மதர்போர்டு. (நல்லவேளை, அதில் எழுதியிருந்தது.) இது ராம். இது விசிறி. வட்டமாகப் பளபளவென்று ஏதோ ஒன்று துடைக்கும்போது துள்ளி விழுந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதை அப்புறம் மறந்துபோனேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் பூட்டும்போதுதான் என் 28 வருடத்துக்குச் சோதனை வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியில் இரண்டு விதமான ஸ்க்ரூ உண்டு. பார்க்க அண்ணன் தம்பி. ஒன்று எம்-3, மில்லிமீட்டர் மரை. இன்னொன்று 6-32, இஞ்சு மரை, கொஞ்சம் பருமன். ஒன்றின் துளையில் மற்றது பொருந்தாது. இந்த வித்தியாசத்துக்காகவே சம்பளம் கொடுக்கும் கடையில் இருக்கிறேன். ஆனால் நான் வாங்குவது பில் போடுவதற்கு. 6-32ஐ எம்-3 துளையில் வைத்து அழுத்தி, பல்லைக் கடித்து, முக்கால்வாசி திருகிவிட்டேன். மரை கழன்றவன் என்று சும்மாவா சொல்கிறார்கள்? கழன்றது பெட்டிக்கா எனக்கா என்பதைத்தான் அன்றைக்குத் தீர்மானிக்க முடியவில்லை. கடைசியில் இரண்டு ஸ்க்ரூ மிஞ்சின. "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா குடுத்திருக்கான்" என்றேன்.

சுவிட்சைப் போட்டேன். திரையில் ஒன்றுமில்லை. பெட்டி மட்டும், பீப், பீப், பீப் என்று கத்தியது.

கம்ப்யூட்டர் விழித்தவுடன் விண்டோஸைத் தேடாது. அதற்கு முன்னால், பலகையிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற சின்ன நிரல் எழுந்து ஆஜர் எடுக்கும். எங்கள் முதலாளி காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பையன்களை எண்ணுவது மாதிரி. சி.பி.யூ. இருக்கா? ராம் வந்தாச்சா? கீபோர்டு எங்கே? எல்லோரும் இருந்தால்தான் கொடவுன் சாவியைக் கொடுத்து, விண்டோஸை எழுப்பச் சொல்லும். ராமே வரவில்லை என்றால் திரையில் எழுதக்கூட வழியில்லை. அதனால் விசிலடிக்கிறது. எத்தனை விசிலுக்கு என்ன அர்த்தம் என்பது பலகை செய்த கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எங்கள் வீட்டுக் குக்கருக்கும் அதே கதைதான்.

ராம் பட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மறுநாள் மண்ணடியிலிருந்து மெட்ரோ ஏறி, மவுண்ட் ரோடில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். தெரு என்று பெயர். ஒயரும் பலகையும் பேட்டரியும் குவிந்த இன்னொரு மண்ணடி. ஒரு சின்னக் கடையில் இருபது வயதுத் தம்பி பட்டையை வாங்கி, ஓரத்திலிருந்த பொன்னிறப் பற்களைப் பார்த்தான். மேஜை டிராயரைத் திறந்தான். ஏதோ கருவி வரும் என்று எட்டிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சிலை அழிக்கும் ரப்பர்! பத்து தேய்ப்புத் தேய்த்து, ஊதி, "போட்டுப் பாருங்க சார், அழுக்குதான்" என்றான். காசு வேண்டாம் என்றான். காசு வேண்டாம் என்பவனிடம் ஏதாவது வாங்காமல் வருவது எப்படி? அவனிடமே 1 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். வியாபாரம் அப்படிச் செய்ய வேண்டும். பி.காம். படிப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மிஷின் உயிர்த்தது. புது டிஸ்க்கைச் செருகினேன். விண்டோஸ் காட்டிய அளவு: 931 ஜி.பி.

ஆயிரத்துக்கு 69 குறைகிறது! ஆணி மூட்டையில் 100 கிராம் குறைந்தாலே சாக்கு எடையைக் கழித்துவிட்டார்களா என்று சண்டைக்குப் போகிற ரத்தம். செருப்பை மாட்டிவிட்டேன். மகள்தான் வாசலில் மறித்தாள். "அப்பா, பேங்க் ரெகன்சிலியேஷன் மாதிரி போட்டுப் பாரு, வித்தியாசம் எங்கேன்னு தெரியும்."

என் பாஷையில் பேசினால் நான் அடங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்து போட்டோம். டிஸ்க் செய்கிறவர் கணக்கில் கிலோ என்றால் 1000, மெகா என்றால் அதில் ஆயிரம் மடங்கு, இப்படியே 1 டெராபைட் என்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் கணக்கில் கிலோ 1024. மிஷின் இரண்டிரண்டாகப் பெருக்கியே எண்ணுவதால் 1000 அதற்கு உருண்டை எண் இல்லை. இரண்டைப் பத்து முறை பெருக்கினால் வரும் 1024தான் உருண்டை. அந்தக் கணக்கில் ஒரு ஜி.பி. 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட். ஒரு லட்சம் கோடியை அதால் வகுத்தால் 931. காசு சுத்தமாக ஒத்துவந்தது. ஒரு பைட்டையும் யாரும் எடுக்கவில்லை. ஊருக்கு ஒரு படி வைத்து நெல் அளந்த காலத்தில் தாத்தா போட்ட சண்டையைத்தான் நான் போடக் கிளம்பியிருக்கிறேன். இந்தப் பேப்பர் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இதைப் பாடத்திட்டத்தில் இப்படியே வைத்தால் எந்தக் கணக்கு மாணவனும் ஹார்ட்வேருக்குப் பயப்பட மாட்டான். கிலோவில் 24 என்று ஆரம்பிக்கிற வித்தியாசம் ஒவ்வொரு படியிலும் வட்டிக்கு வட்டி போல ஏறுகிறது. நாங்கள் பார்த்த டிஸ்க்கில் மறைந்த 69, அப்படி ஏறி வந்த வட்டி.

அன்றைக்கு ஏறிய உற்சாகத்தில் சரித்திரமும் சொன்னேன். ஹார்ட் டிஸ்க்கோடு வந்த முதல் கம்ப்யூட்டர் 1956இல் ஐ.பி.எம். கொண்டுவந்த ராமாக். 50 தட்டுகள், கிட்டத்தட்ட ஒரு டன் எடை, கொள்ளளவு சுமார் 50 லட்சம் எழுத்து. இன்றைக்கு செல்போனில் எடுக்கிற ஒரு படம் அதில் அடங்கினால் அதிசயம். மறுநாள் முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஸ்கிராப்புக்கு டன் என்ன விலை போயிருக்கும்?"

சி டிரைவ் ஏன் சி என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. நான் ஃபிளாப்பி காலத்து ஆள். ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்கு. ஹார்ட் டிஸ்க் பின்னால் வந்த மருமகள். மாமனார், மாமியார் அறை காலியாகி வருடக்கணக்காகிறது. இருந்தாலும் அவள் இன்னும் மூன்றாவது அறையில்தான் படுக்கிறாள்.

ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வந்தோம். இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன், ஏனென்றால் நான் ஜெயித்தது இந்த ஒரு மாலைதான். மகளின் சந்தேகம்: ஒரே சி.பி.யூ. எப்படி ஒரே நேரத்தில் பாட்டும் பாடி, பிரின்டும் எடுத்து, எக்ஸெலும் போடுகிறது? எங்கள் கடையை முகூர்த்த மாதத்தில் பார்க்கச் சொன்னேன். கவுண்டரில் ஐந்து பேர். பையன் ஒருவருக்கு ரெண்டு கீல் எடுத்துவைப்பான், அடுத்தவரிடம் "இதோ வந்துட்டேன் சார்" என்பான், மூன்றாமவருக்கு ஆணி நிறுப்பான், மறுபடி முதல் ஆளுக்குக் கீல். ஐந்து பேருமே தன்னைத்தான் கவனிக்கிறான் என்று நினைத்து நிற்பார்கள். யாருக்கு எவ்வளவு நேரம், யார் அடுத்து என்று கல்லாவிலிருந்து கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருப்பது முதலாளி. அவர் ஒரு ஆணிகூட விற்க மாட்டார். ஆனால் அவர் காபி குடிக்கப் போனால் கடை நின்றுவிடும். அவர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம்.

"கவுண்டர் நிறைஞ்சுட்டா?"

"நடைபாதையில எறக்கி வச்சுக்குவோம். கார்ப்பரேஷன் வர்ற வரைக்கும்."

"அப்பா! அதுதான் வர்ச்சுவல் மெமரி!" என்று அவள் கத்தினாள். ராம் நிறைந்தால் கொஞ்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் தள்ளிவைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துவருவதாம். பையன் வாசலுக்கும் உள்ளுக்கும் ஓட வேண்டியிருப்பதால்தான் நம் மிஷின் இழுத்துக்கொண்டு நிற்கிறதாம். மண்ணடி நடைபாதைக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று.

ஜெயித்த கையோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை 1969இல் பெல் லேப்ஸில் உருவாக்கியவர்கள் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் என்று படித்ததும், "அதனாலதான் நம்ம ரிச்சி தெருவுக்கு அந்தப் பேரு" என்று சொல்லிவிட்டேன். அவள் அதைக் கல்லூரியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்தத் தெருவுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இதற்கு நடுவில் 2025 அக்டோபர் 14ஆம் தேதி வந்து, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. எங்கள் மிஷினில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11 அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாம் என்றாள் மகள். நான் கணக்கு எழுதும் டேலி ஓடுமா என்றேன். அங்கே நேரடியாக ஓடாது. அப்படியானால் இரண்டும் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அக்கா மகன் அரசு கொடுத்த மடிக்கணினியில் இந்த ஏற்பாட்டைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் சி-டாக் செய்த 'பாஸ்' லினக்ஸ். திறந்தவுடன் இன்றைக்கு யார் முதலாளி என்று கேட்கும். அவன் ஒருநாளும் பாஸைத் தொட்டதில்லை. பெயரில்தான் அது பாஸ். 1932ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டத்தில் இப்படி முறை வைத்துக் கல்லாவில் உட்காரும் பங்காளிகளைப் பற்றி ஏதும் இருக்கிறதா என்று மகளைக் கேட்டேன். அது வேற பேப்பர் என்றாள்.

ஆனால் மிஷினுக்குப் புத்தி பிசகிக்கொண்டிருந்தது. சுவிட்சை அணைத்துப் போட்டால் போதும், தேதி 1-1-2009 என்று காட்டும். இணையத்தில் எந்த வாசலுக்குப் போனாலும் சான்றிதழ் செல்லாது என்று விரட்டினார்கள். பாவம், அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் 2009இல் இன்னும் பிறக்கவே இல்லை. விண்டோஸ் 10 பழிவாங்குகிறது என்று நான் சொன்னேன். வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

பூந்தமல்லிப் பக்கத்து கான்ட்ராக்டர் ஒருவருக்கு, 2000 கீலுக்கு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கொட்டேஷன் அடித்தேன். எக்ஸெலில் தேதி தானாக விழுகிற மாதிரி செய்துவைத்திருப்பது என் சாமர்த்தியங்களில் ஒன்று. பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, மறுநாள் கொடுத்தனுப்பினேன். அரைமணியில் போன்.

"சார், கொட்டேஷன் 2009 ஜனவரின்னு போட்டிருக்கீங்க. கீழ ஜி.எஸ்.டி. 18 பர்சென்ட்டும் போட்டிருக்கீங்க. ஜி.எஸ்.டி. வந்ததே 2017 ஜூலைல. அந்த 18ஐக் கழிச்சுக்கறேன், சரியா?"

முதலாளி கொட்டேஷனை வாங்கி, கண்ணாடியை இறக்கிப் பார்த்து, ஏற்றிப் பார்த்து, "கணக்குப்பிள்ளை, நீங்க சம்பளத்தை எந்த வருஷத்து ரேட்டுக்கு வாங்கிக்கறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்று இரவு மகள் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் காட்டினாள். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் தேதியையும் நேரத்தையும் காப்பாற்றிக்கொண்டிருக்க மதர்போர்டில் ஒரு பட்டன் பேட்டரி உண்டு. சி.ஆர். 2032, 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் வட்டம். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தோம். பேட்டரி இருக்க வேண்டிய குழி, பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது.

"அப்பா, அன்னிக்குத் தொடச்சியே..."

புது பேட்டரி வாங்கிப் போட்டேன். தேதி நிலைத்தது. பழையது எங்கே போயிற்று என்று வீடு முழுக்கத் தேடினோம், கிடைக்கவில்லை. மகள் நவம்பரில் பரீட்சை எழுதினாள். ஹார்ட்வேர் பேப்பரில் 71 வந்தது. அதில் எத்தனை என்னால், எத்தனை என்னை மீறி என்று பிரித்துச் சொல்ல அவள் மறுத்துவிட்டாள்.

ரிசல்ட் வந்த சனிக்கிழமை நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனோம். பரீட்சைக்காக மனைவி ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாளாம். உண்டியலுக்கு அருகில் முடிச்சை அவிழ்த்து என் கையில் போட்டாள். "அன்னிக்கு உங்க சட்டையைத் துவைக்கப் போடறப்போ பையில இருந்துது, பளபளன்னு. புதுக் காசாச்சேன்னு முடிஞ்சு வச்சேன்."

உள்ளங்கையைப் பார்த்தேன். சி.ஆர். 2032. கண்ணாடி போடாமல் பார்த்தால் எனக்கும் ரூபாயாகத்தான் தெரிந்திருக்கும்.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முடிந்துவைத்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று மனைவி பிடிவாதமாக இருந்தாள். போட்டுவிட்டோம். பின்னாலேயே ஒரு ரூபாயும் போட்டோம், வட்டிக்கு. உண்டியல் திறந்து எண்ணுகிற அன்றைக்கு அதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.